டைரியில் பாதி

சுஹைனாவின் புத்தகத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அதைச் சுஹைனா எழுதவில்லை. அவளைப் பெற்ற மெஹர் பானுவும் எழுதவில்லை. "இப்புத்தகத்தை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு இலவசமாக வழங்கலாம். மர்ஹூமா அவர்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதவும்." அவ்வளவுதான் அந்த வரி. எல்லா வில்லங்கமும் அதிலிருந்துதான் கிளம்பியது.

காரைக்காலில் முஸ்லிம் வீடுகளில் ஒருவர் மௌத்தானால், வருஷ ஃபாத்திஹாவுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு யாசீன் கிதாபு கொடுத்தனுப்புவார்கள். உள்ளங்கை அகலத்தில் பச்சை அட்டை, அதில் மர்ஹூமின், அதாவது இறந்துபோனவரின், பெயர், பிறந்த தேதி, மௌத்தான தேதி. இதையெல்லாம் அச்சடித்துக் கொடுப்பவர் ஜெய்னுலாபுதீன். அவருடைய கம்ப்யூட்டரில் கிதாபு எப்போதும் தயாராகக் கிடக்கும். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். ஒருமுறை பெயரை மாற்ற மறந்துபோய், முந்தைய வருஷம் ஃபாத்திஹா ஆன ஒரு ஹாஜியாருக்கு மறுபடியும் ஒரு ஃபாத்திஹா வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டார் கோபித்துக்கொள்ளவில்லை. கூடுதலாக ஒன்று கிடைத்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவரிடம்தான் மெஹர் பானு டைரிகளைக் கொண்டுபோய் வைத்தாள்.

"யாசீன் எல்லாரும்தான் போடறாங்க. எம் புள்ள எழுதினத நான் போடணும்."

சுஹைனாவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டபோது கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. மாப்பிள்ளை அப்ரார் தம்மாமில் வேலை பார்த்தான். அங்கே கம்பெனிக்காரர்கள் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் கனத்த டைரிகளை ஊருக்கு வரும்போது கொண்டுவருவான். டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு கையில் ஊசியோடு உட்கார்ந்துகொண்டு, மறுகையால் அதில் எழுதுவாள். பக்கத்து நாற்காலி ஆள் விடும் குறட்டை, நர்ஸின் காதல் விவகாரம், உம்மா உப்பில்லாமல் ஆக்கிய மீன் ஆணத்தைப் பற்றிய வசவு, எல்லாம் இருந்தது. ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. உம்மாவுக்கே பல நாள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

ஜெய்னுலாபுதீன் மறுப்பேதும் சொல்லவில்லை. அதே பச்சை அட்டை போட்டார். பக்கம் மட்டும் பெரிதாக, புத்தகம் தடியாக வந்தது. கடைசிப் பக்கத்தை யாசீன் கிதாபிலிருந்து அப்படியே எடுத்து வைத்துவிட்டார். வேறு எந்த ஊர் அச்சகக்காரருக்கும் இந்தத் தவறு செய்யத் தோன்றியிருக்காது. மெஹர் பானு அந்த வரியைப் படித்தாள். அவள் மனதுக்கு அது சரியாகத்தான் பட்டது. மகள் எழுதியதைப் படிக்கிறவர்கள் மகளுக்காக ஓதினால், அது அவள் அடங்கியிருக்கும் கபுரிலும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிற தர்மமாகிவிடும். பெற்றவள் இதைவிட என்ன செய்ய முடியும்?

ஃபாத்திஹாவுக்கு வந்தவர்கள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். கிதாபு என்று நினைத்து முந்தானையால் தலையை மூடிக்கொண்டு திறந்த சில பெண்கள், நர்ஸின் காதல் விவகாரத்தைப் படித்துத் திகைத்துப்போனார்கள். "வீட்டு விஷயத்த வீதில வைக்கிறியேடி" என்று சொந்தத்தில் ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். மெஹர் பானு காதில் வாங்கவில்லை.

அதில் ஒரு புத்தகம் கைமாறிக் கைமாறித் தருமபுரத்தில் இருக்கும் நீலாயதாட்சியிடம் போய்ச் சேர்ந்தது. நீலாயதாட்சிக்கு மின்துறை அலுவலகத்தில் வேலை. சம்பளத்துக்கு மின்சாரம், சந்தோஷத்துக்குப் புத்தகம் என்று வாழ்கிறவள். இந்தப் பக்கத்தில் அச்சாகிக் காணாமல் போகும் மலர், தலபுராணம், நாடக நோட்டீஸ் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, விடுமுறை நாட்களில் ஸ்கேன் செய்து, எவரும் காசில்லாமல் படிக்கும்படி ஒரு இணையதளத்தில் ஏற்றி வைப்பாள். சுஹைனாவின் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து, அழுது, மறுநாளே பஸ் பிடித்து மெஹர் பானு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"யாரு வேணாலும் போடலாம்னு அச்சடிச்சிருக்கீங்க அக்கா. இருந்தாலும் வீட்டுல ஒரு வார்த்த கேக்கணும்ல."

"அதான் அச்சுலயே இருக்கேம்மா. போடு. நாலு பேரு ஓதட்டும்."

வீட்டில் கேட்டாயிற்று என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள். இன்னொருவனையும் கேட்க வேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை.

நாலு பேர் என்றது நாலாயிரமாகி, அதற்கு மேலும் போனது. எங்கெங்கேயோ இருக்கும் தமிழர்கள் படித்தார்கள். டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவர்கள் படித்தார்கள். கீழே கருத்து எழுதினார்கள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே போனைத் திறப்பது மெஹர் பானுவுக்கு வழக்கமாகிப் போனது. எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண் முதல் பக்கத்தின் கீழே இருக்கும். அது ஏறியிருந்தால் அவள் முகமும் தெளியும். அத்தனை பேரும் கடைசிப் பக்கம் வரை வந்தார்களா, வந்தவர்களில் எத்தனை பேர் ஓதினார்கள் என்பதெல்லாம் அல்லாஹ்வுக்கே வெளிச்சம். இன்றைக்கு மகளுக்கு வெறுங்கையோடு பொழுது போகவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மெஹர் பானுவைக் குற்றங்குறையே இல்லாத மலக்காக்கிய பாவம் நம்மைச் சேரும். கருத்துகளில் மாப்பிள்ளையைத் திட்டி எழுதியிருப்பதை அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை படிப்பாள்.

டைரியின் கடைசி மாதங்களில் ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரும். "இன்னைக்கும் அவுக வரலை." சில நாட்களில் வேறெதுவும் இருக்காது, அது மட்டுந்தான் இருக்கும். அப்ரார் கடைசிவரை வரவில்லை. கம்பெனி விடவில்லை என்றான். மய்யித்தைக் கபுரில் இறக்கும்போது மூன்று கைப்பிடி மண் போட உரிமையுள்ளவன் தம்மாமில் போனைப் பிடித்துக்கொண்டு அழுதான். இங்கே நீட்டிய போனை வாங்கிக் காதில் வைக்க மெஹர் பானு மறுத்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து நாகூரில் நௌஷின் என்ற பெண்ணை அவன் கல்யாணம் செய்துகொண்டான். பத்திரிகை வந்தது. அதை மெஹர் பானு பிரிக்கக்கூட இல்லை.

"இப்படியும் ஒரு கணவனா?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி எழுதுவாள். "பாவம், அவர் என்ன செய்வார், லீவில் வந்தபோது டிக்கெட்டை மாற்றிக்கொண்டு தங்கினாரே" என்று இன்னொருத்தி அவனுக்காகப் பேசுவாள். முதல் கருத்தைப் படிக்கும்போது டீ இனிக்கும். இரண்டாவதை அவள் விரல் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகும்.

ஒருநாள் நீலாயதாட்சி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"மாப்பிள்ள மெயில் போட்டிருக்காரு அக்கா. அந்த டைரிய எடுத்துடுங்கன்னு கேக்கறாரு."

"அவன் யாரு கேக்க?"

"அதத்தான் சொல்ல வந்தேன். எழுத்துக்கும் வாரிசு உண்டு அக்கா. சுஹைனா போனப்புறம் வந்த புஸ்தகம். வெளிவந்த வருஷம் முடிஞ்சதுலேருந்து அறுபது வருஷத்துக்கு அது வாரிசுகளுக்குச் சொந்தம். வாரிசுல ஒருத்தர் வேண்டாம்னா நான் வச்சிருக்கறது ஞாயமில்ல. அந்தக் கடைசி வரி நீங்க ஒருத்தர் குடுத்த அனுமதிதான். அவரு குடுக்கல."

"அறுபது வருஷம் கழிச்சு?"

"எல்லாருக்கும் சொந்தம். யாரையும் கேக்க வேண்டாம். ரெண்டாயிரத்து எம்பத்து நாலு."

மெஹர் பானு சிரித்துவிட்டாள். சிரிப்பு என்றால் அது வயிறு எரிந்து வருகிற சிரிப்பு. அந்த வருஷம் சுஹைனா என்று சொன்னால் யாரென்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

பள்ளிவாசல் ஹஜரத்திடம் போய்க் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"புள்ள இல்லாம மனைவி மௌத்தானா புருஷனுக்குப் பாதி. மிச்சத்துல உங்களுக்கும் அவங்க சின்ன வாப்பாவுக்கும்."

"நகையா நெலமா ஹஜரத் இது? எம் புள்ள எழுதின எழுத்து."

"அவங்க விட்டுட்டுப் போனது எதுவானாலும் கணக்கு ஒண்ணுதான்மா. அவரு மறுபடி நிக்காஹ் பண்ணினாலும் அது மாறாது."

சுஹைனாவின் வாப்பா எப்போதோ மௌத்தாகிவிட்டார். அவருடைய தம்பியான சின்ன வாப்பா மலேசியாவில் இருக்கிறார். "எனக்கு எதுக்கு மச்சி டைரி, நீங்களே வச்சுக்கிங்க" என்று போனிலேயே விட்டுக்கொடுத்துவிட்டார். விட்டுக்கொடுக்காத பாதி தம்மாமில் இருந்தது.

அன்றைக்கு மெஹர் பானுவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கல்யாணப் புடவை முதல் காதுத் தோடு வரை எதற்கும் அவள் கணக்குப் பார்த்ததில்லை. அவன் கேட்டிருந்தால் அத்தனையும் தூக்கிக் கொடுத்திருப்பாள். ஆனால் இது போனால் ஓதுவது நின்றுவிடும். கபுரில் கிடக்கும் பிள்ளைக்கு வந்துகொண்டிருப்பதை ஒருவன் வந்து மறிக்கிறான். முதலில் தான் வரவில்லை. இப்போது மற்றவர்களையும் வரவிடமாட்டேன் என்கிறான். அவள் அப்படித்தான் நினைத்தாள். புதுப்பெண்டாட்டிக்குப் பயந்து செய்கிற வேலை என்றும் நினைத்தாள்.

அப்ரார் லீவில் வந்தபோது, வந்த வாரத்திலேயே மெஹர் பானு வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆள் இளைத்துப்போய், கறுத்து, நெற்றி ஏறியிருந்தது. மாப்பிள்ளை வந்தால் முட்டையுடைத்துச் சர்க்கரையோடு அவித்து வட்டலாப்பம் செய்கிற வீடு அது. வட்டலாப்பம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. வெறும் டீ கொடுக்கவும் மனம் வரவில்லை. கோபமாக இருக்கும்போது இந்த மரியாதை ஒரு பெரிய தொல்லை. கடைசியில் நல்ல கிளாஸில் டீயும், டப்பாவில் இருந்த பிஸ்கட்டும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள்.

"சொல்லுங்க மாப்பிள்ள."

"மாமி, அந்த டைரி..."

"எடுக்க முடியாது. எம் புள்ளைக்கு வர்ற ஃபாத்திஹா அது. உங்கள நாலு பேரு திட்டறது உங்களுக்கு உறுத்துது. உறுத்தட்டும். வந்திருந்தா திட்டுவாங்களா?"

அவன் டீயைத் தொடவில்லை.

"அதுக்கு இல்ல மாமி."

"பின்ன எதுக்கு? புதுசா வந்தவ படிச்சிட்டாளா?"

"நௌஷினுக்குத் தெரியும். மாமிய நேர்ல பாத்துக் கேளுங்கன்னு அவதான் அனுப்பினா." அவன் போனை எடுத்து, எதையோ தேடி, அவளிடம் நீட்டினான். "இதப் பாருங்க."

கண்ணுக்கு மை தீட்டிய ஒரு பெண், பின்னால் சினிமாப் பாட்டு ஓட, கேமராவைப் பார்த்துக் கொஞ்சிக் கொஞ்சி ஒன்றைச் சொன்னாள். "என் உப்புக்கண்டம் வந்து எறங்கிருச்சு. உப்பத் தொடாதேன்னு டாக்டர் சொன்னாரு. இந்த உப்ப யாரு தடுக்கறது?" சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

அது சுஹைனா டைரியில் எழுதியது. முதல் தடவை லீவில் வந்து இறங்கியவன் வெயிலில் காய்ந்து வற்றிப்போயிருந்ததைப் பார்த்து அவள் வைத்த பெயர். வாசலில் நின்று அவள் சிரித்த சிரிப்பு இன்னும் மெஹர் பானுவின் காதில் இருக்கிறது.

"என் ரூம்ல இருக்கற பயலுவ இதத்தான் ரிங்டோனா வச்சிருக்கானுவ. எவனுக்கோ நான்தான் அதுன்னு தெரிஞ்சுபோச்சு. வேல பாக்கற எடத்துல எல்லாரும் இப்ப என்ன அப்படித்தான் கூப்பிடறாங்க. அவ மட்டுந்தான் மாமி கூப்பிடுவா. வேற யாருக்கும் அந்தப் பேரு தெரியாம இருந்துச்சு."

மெஹர் பானு போனை அணைத்து அவனிடமே கொடுத்தாள். ஆனாலும் இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபம் ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் ஆறிவிடுமா? அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, ஒரு பென்சிலோடு ஸ்டூலின்மேல் வைத்தாள்.

"பாதி உங்களுதுன்னு ஹஜரத் சொல்லிட்டாரு. முழுசையும் எடுக்க விடமாட்டேன். உங்க பாதி எதுன்னு கோடு போட்டுக் குடுங்க. அத மட்டும் எடுத்துடச் சொல்றேன்."

இப்படிச் சொல்லும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. "வரலை" என்ற வார்த்தை இருக்கும் இடத்திலெல்லாம் அவன் கோடு போடுவான். போடட்டும். அத்தனை கோட்டையும் எண்ணிக்காட்டி, அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அவன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் இத இன்னும் முழுசாப் படிச்சதில்ல மாமி. அந்தப் பொண்ணு சொன்னது எந்தப் பக்கத்துல இருக்குன்னுகூடத் தெரியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் திரும்பி வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மெஹர் பானு பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். கடைசி மாதங்களில்தானே அவனைப் பற்றிய குறை இருக்கிறது.

"இன்னைக்கும் அவுக வரலை." கோடு இல்லை.

"போன் பண்ணினாக. வர்றேன்னாக. வர மாட்டாகன்னு அவுக குரலுக்கே தெரியுது." அங்கும் இல்லை.

"உம்மா அவுகள ஏசுறா. ஏசட்டும். எனக்கும் ஏசணும்போலத்தான் இருக்கு." அதுவும் சுத்தமாக இருந்தது.

படிக்காமலே கொண்டுவந்துவிட்டானோ என்று தோன்றியது. முன்னால் புரட்டினாள். நடுவில் வந்தபோதுதான் பென்சில் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம், மேலிருந்து கீழ்வரை, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. அவன் லீவில் வந்திருந்த நாட்கள் அத்தனையும். உப்புக்கண்டம் வந்து இறங்கிய நாள். கோட்டுச்சேரிமேட்டுக்கு பைக்கில் போய், கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவன் மீன் விலை பேசத் தெரியாமல் பேசி அசடு வழிந்த நாள். மழையில் நனைந்து திரும்பி, உம்மாவிடம் இரண்டு பேரும் ஏச்சு வாங்கிய நாள். டயாலிசிஸ் முடியும் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலுக்கு அவன் நகம் வெட்டிவிட்ட நாள். "அவுக டிக்கெட்ட மாத்திட்டாக. கம்பெனிக்குச் சொல்லவே இல்லை. போகலைன்னுட்டாக. நான் ரொம்பத் திட்டினேன். உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம்" என்று அவள் எழுதிய நாள். அந்தப் பக்கத்தில் கோடு கொஞ்சம் கோணியிருந்தது.

இந்தப் பக்கங்களை மெஹர் பானு எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். மகள் நினைவு தாங்க முடியாமல் போகும்போது இதைத்தான் திறப்பாள். மகள் எழுத்தில் மனம்விட்டுச் சிரிக்கிற இடம் இது ஒன்றுதான்.

"தப்பாப் போட்டுட்டீங்களா மாப்பிள்ள?"

"இல்ல மாமி. இதான் என் பாதி."

"அப்ப அந்தக் கடைசி..."

"அது இருக்கட்டும். அதுல பொய் ஒண்ணும் இல்லயே. நான் வரலதானே." அவன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லாமக் கொள்ளாம லீவுக்கு மேல தங்கிட்டேன்னு கம்பெனில பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டான். அடுத்த தடவ கால்ல விழுந்தும் விடல. அந்தக் கொஞ்ச நாளு கூட இருந்ததுக்குக் கடைசில நான் வெல குடுத்தேன் மாமி. வெல குடுத்தது எனக்கு இருக்கட்டும்னு கேக்கறேன். ஊரு வாயில போட வேணாம்."

கம்பெனி விடவில்லை என்று மட்டும்தான் அவன் அப்போது சொல்லியிருந்தான். ஏன் விடவில்லை என்பதை மெஹர் பானு கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? அது இந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. டிக்கெட்டை மாற்றியதையும் வராமல் போனதையும் தனித்தனியாக எத்தனையோ தடவை படித்தவள், இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்திருந்தால் அவனை ஏச முடியாமல் போயிருக்கும். ஏசாமல் அந்த நாட்களை அவளால் எப்படிக் கடத்தியிருக்க முடியும்? அல்லாஹ்வை ஏச முடியாது. கிட்னியை ஏசிப் புண்ணியமில்லை. கைக்கு எட்டினவன் இவன்தான்.

"உங்களுக்குன்னு பேச இந்தப் புஸ்தகத்துல இருக்கறதே இந்தப் பக்கம்தான் மாப்பிள்ள. இத எடுத்துட்டா, படிக்கறவங்க எல்லாரும் உங்களத்தானே..."

"தெரியும்."

"முழுசாவே எடுத்துடச் சொல்லட்டா?" தன் வாயிலிருந்து அது வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "வேணாம் மாமி. ஃபாத்திஹா நிக்கக் கூடாது. அது மட்டும் நிக்கவே கூடாது. அவளுக்கு அங்க வேற யாரு அனுப்பறா?"

மெஹர் பானு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அழுதது வெளியே கேட்டிருக்கும், வீடு சின்னது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, முட்டையை எடுத்து உடைத்தாள். வட்டலாப்பம் வேக நேரமாகும், இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளேயிருந்தே சத்தம் கொடுத்தாள். அவன் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. அவன் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

நீலாயதாட்சிக்குத்தான் வருத்தம் தாங்கவில்லை. அவள் கையால் எந்தப் புத்தகத்திலிருந்தும் ஒரு பக்கத்தைக்கூட எடுத்ததில்லை.

"நல்ல பக்கத்தையெல்லாம் எடுக்கச் சொல்றீங்களே அக்கா. சுஹைனா சிரிச்சது, சந்தோஷமா இருந்தது எல்லாம் இதுலதான இருக்கு. வெளில ஏற்கெனவே போன வீடியோவ நம்மளால பிடிக்க முடியாது. அதப் போட்டவங்களுக்கு எழுதிப் பாக்கறேன், எடுத்தாலும் எடுப்பாங்க. ஆனா இனிமே நம்ம தளத்துலேருந்து புதுசா யாரும் எடுத்துக்க முடியாது."

"அது போதும்மா."

"முழுப் புஸ்தகத்தோட ஒரு பிரதியத் தனியாப் பூட்டி வைக்கறேன். அறுபது வருஷம் முடிஞ்சதும் திறந்துக்கற மாதிரி. நான் இருக்க மாட்டேன். எனக்கப்புறம் பாத்துக்கறவங்களுக்கு எழுதி வச்சிடுவேன்."

தளத்தில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. அதில் நீலாயதாட்சி ஒரே வரி போட்டிருந்தாள். "வாரிசுகளின் விருப்பப்படி இந்தப் பக்கங்கள் 2084 ஜனவரி முதல் தேதி திறக்கப்படும்."

அப்ரார் தம்மாம் திரும்பிவிட்டான். போகுமுன் போனில் சொல்லிக்கொண்டான். எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. மெஹர் பானு பழையபடி அஸருக்குப் பிறகு டீயோடு உட்கார்ந்தாள். ஓதுவது நிற்கவில்லை, கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் கருத்துகளின் பக்கம் போக விரல் கூசியது. மாப்பிள்ளைக்காகப் பேசிய பழைய கருத்துகள் அடியில் எங்கோ புதைந்துபோயின, புதிதாகப் பேச இப்போது அங்கே யாரும் இல்லை. டிக்கெட்டை மாற்றிய ஆளை இனி வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் போனாள். சேலத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். நல்ல மனசுக்காரி என்பது எழுத்திலேயே தெரிந்தது.

"படித்து முடித்து அழுதுகொண்டிருக்கிறேன். பாவம் இந்தப் பெண், கட்டினவனால் ஒரு நாள்கூடச் சந்தோஷத்தைக் காணவில்லை. நடுவில் சில பக்கங்களை மறைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே காட்ட முடியாத அளவுக்கு அதில் இன்னும் என்னென்ன கொடுமைகள் இருக்கின்றனவோ! அந்த ஆள் நன்றாக இருப்பானா? எனக்கு ஓதத் தெரியாது. என் சாமியிடம் இவளுக்காக வேண்டிக்கொண்டேன்."

கீழே அதை ஆமோதித்து இருபது முப்பது பேர் இருந்தார்கள்.

மெஹர் பானு டீயைக் கீழே வைத்தாள். போனில் தமிழில் எழுத அவளுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். "இல்லம்மா. எம் புள்ள சந்தோசமா இருந்தா. கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய் மீனு வாங்கினா. மழைல நனஞ்சா. அந்தப் பக்கத்துல அதான் இருக்கு. மாப்பிள்ளப் புள்ள அவளுக்குக் கால் நகம் வெட்டிவிட்டுச்சு."

அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தாள். அத்தனையும் அவன் கோடு போட்டுக் கேட்ட பாதியிலிருந்து எடுத்தது.

கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். நகம் போயிற்று, மழை போயிற்று, கோட்டுச்சேரிமேடு போயிற்று. "இல்லம்மா" மட்டும் சிறிது நேரம் நின்றது. அதையும் அழித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாள். மகளுக்கு ஓதினாள். பிறகு, அல்லாஹ்விடம் இதுவரை ஒருநாளும் சொல்லாத ஒரு பெயரை, அப்ரார் என்ற பெயரைச் சொல்லி, அவனைத் திட்டுகிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் அறிந்தது பாதிதான் யா அல்லாஹ் என்று அழுதாள். டீ ஆறிப்போயிருந்தது.